குண்டூசி குத்திய இரண்டு பக்கங்கள்

ஒரு மனிதரைத் தலைகுனிய வைக்கவேண்டும் என்பதற்காக நான் ஏழு மாதம் பியானோ பழகினேன். சங்கீதத்தில் அவ்வளவு பிரியமா என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு ஆமென்று தலையாட்டியிருக்கிறேன். அது பொய். அந்த ஏழு மாதமும் எனக்குச் சோறு போட்டதும் தூக்கத்திலிருந்து எழுப்பியதும் ஆத்திரம்தான்.

கண்டியில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் பாசி பிடித்த ஓட்டுக் கூரையோடு ஒரு மண்டபம் இருக்கிறது. சனிக்கிழமை இரண்டு மணிக்கு அங்கே ஆறு பேர் கூடுவோம். எல்லோரும் வளர்ந்து ஆளான பின்தான் பியானோ தொட்டவர்கள். மண்டபத்துப் பியானோ சுவரோடு ஒட்டி நிற்கும் பழையது. கண்டி ஈரத்துக்குக் கட்டைகள் ஊதிவிடும். அழுத்தினால் அழுத்தியபடியே கிடக்கும். அதனால் அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன பல்ப் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். கீழ்ப்பலகை இடுக்கில் அந்த மஞ்சள் வெளிச்சம் தெரிந்தால்தான் நாங்கள் மூடியைத் திறப்போம்.

எங்களுக்கு ஒரு முறை இருந்தது. தை மாத முதல் சனிக்கிழமை ஒரு கொப்பியில் ஒவ்வொருவரும் தன் பெயருக்கு எதிரே அந்த வருடம் பழகப்போகும் உருப்படியை எழுதவேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் தொடக்கூடாது. மார்கழியில் வீட்டாரை அழைத்து, தேத்தண்ணீரும் பற்றிஸும் கொடுத்து, எழுதியதை வாசித்துக் காட்டவேண்டும். ஒருவர் வாசிக்கும்போது கொப்பியில் அவருக்கு அடுத்த பெயர்க்காரர் பக்கத்தில் நின்று தாள் புரட்டவேண்டும். இதெல்லாம் யார் போட்ட சட்டமோ தெரியாது. நான் போனபோதே அப்படித்தான்.

நான் கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்தவன் நான் ஒருவன்தான். தோட்டத்துத் தேவாலயத்தில் கால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் ஒன்று இருந்தது. அதில் கை ஓடப் பழகி, புத்தகத்தைப் பார்த்து எழுத்தைப் படிக்கப் பழகி, பிறகு கண்டியில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்ததும் கெலிஓயாவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையோடு அந்த மண்டபத்துக்குப் போனேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

அங்கே மூத்தவர் போல நடந்துகொண்டவர் ஒரு நில அளவையாளர். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியிலேயே வீடு கட்டியிருந்தார், வீட்டிலும் பியானோ வைத்திருந்தார். அவரை எல்லோரும் சேர்வேயர் என்பார்கள். பத்து வருடமாகக் கொப்பியில் அவர் பெயருக்கு எதிரே ஒரே உருப்படிதான் இருந்தது. முதல் இரண்டு பக்கம் தாலாட்டுப் போலப் போகும். கடைசி இரண்டு பக்கமும் அதே தாலாட்டு. நடுவில் இரண்டு பக்கம் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர் அதைப் பழகிக்கொண்டிருந்தபோது கதவருகில் நின்று கேட்டேன். இந்த மாதிரி ஒன்றைப் பழகவேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதை வாய் திறந்து சொன்னதுதான் நான் செய்த தவறு.

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"தம்பி எவடம்?"

"கம்பளைப் பக்கங்க. தோட்டம்."

"அப்பா, அம்மா?"

"மலையில வேலைங்க. ரெண்டு பேரும்."

"அப்ப கை ரெண்டும் நல்லா ஓடும். ஆனா தம்பி, இது கொழுந்து ஆயிற வேலை இல்லைக் கண்டீரோ. கூடைக்குள்ள எது விழுந்தாலும் சரி எண்டு விடேலாது. உமக்கு ஆமிக்காரர் நடக்கிற மார்ச் ஒண்டு சரிவரும். லெப்ட், ரைட். எழுதும்."

எல்லோரும் சிரித்தார்கள். மண்டபத்துச் சாவியை வைத்திருந்த ஓய்வுபெற்ற மேட்ரனும் சிரித்தார். திகனையிலிருந்து வரும் புடவைக்கடை முதலாளி சிரித்துவிட்டுத் தன் கால் சப்பாத்தைப் பார்த்தார்.

நான் எழுதினேன். "மார்ச்" என்று, என் முத்து முத்தான கையெழுத்தில்.

என் அம்மாவின் விரலில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் தவிர வேறெதுவும் சிக்காது. முற்றல் இலை கூடைக்குள் கிடந்தால் கங்காணி கொட்டிப் பார்த்து அரைப்பேர் போடுவான். நாள் முழுக்க நின்றதற்கு அரை நாள்தான் வேலை என்று பதிவான். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டிய பதில் கெலிஓயா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தது. அவர் சொன்னதை மன்னித்தாலும், நானே என் கையால் அதை எழுதிக் கொடுத்ததை மன்னிக்க முடியவில்லை.

அந்த மார்கழியில் கொப்பியில் அவர் பெயருக்கு அடுத்த பெயர் என்னுடையது. தாள் புரட்ட நான் நின்றேன். தாலாட்டு முடியும் இடத்தில் அவர் தலையசைத்தார். புரட்டினேன். தாள் தடிப்பாக இருந்தது. பெருவிரலில் ஏதோ சுருக்கென்று ஏறியது. பார்த்தால் இரண்டு தாளைச் சேர்த்து மூலையில் குண்டூசி குத்தியிருந்தது. உள்ளே இரண்டு பக்கம் மூடிக்கிடந்தன. ஊசி துருப்பிடித்து, தாளில் செம்மண் நிறத்தில் ஒரு வட்டம் படிந்திருந்தது. தாலாட்டிலிருந்து நேரே தாலாட்டுக்கே போய்ச் சேர்ந்தார். கைதட்டினார்கள். நான் பெருவிரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் போகும்போது புடவைக்கடை முதலாளியிடம் சொன்னேன். தோட்டத்துத் துரை ஒருவன் நாட்டைவிட்டுப் போனபோது பங்களாச் சாமானோடு ஏலத்தில் வந்த பியானோவை வாங்கி, அது வீட்டில் சும்மா நிற்கிறதே என்று பழகத் தொடங்கியவர் அவர்.

"இப்பதான் கண்டீங்களா?" என்றார். "எல்லாருக்கும் தெரியும் தம்பி. பத்து வருஷமா அது ஒட்டித்தான் ஈக்கு."

"அப்ப யாருமே கேக்கலையா?"

"நான் கேட்டா அவரு என்னட்ட கேப்பாரே. நான் இடக்கையில பாதிய வாசிக்கிறதே இல்ல. மேட்ரன் மிஸ்ஸிக்குக் கஷ்டமான எடம் வந்தா இருமல் வரும். இருமி முடியக்குள்ள அந்த எடம் போயிருக்கும். இங்க எல்லாருக்கும் ஒவ்வொரு குண்டூசி ஈக்கு மகன். அதப் போய்ச் செல்லப்படாது."

எனக்குக் குண்டூசி இல்லை. மார்ச் முழுவதையும் ஒரு சுரம் விடாமல் வாசித்திருந்தேன். அதற்கு யாரும் பெரிதாகக் கைதட்டவில்லை.

அடுத்த தையில் மறுபடியும் "மார்ச்" என்று எழுதினேன். வேறொரு மார்ச். சேர்வேயருக்குச் சந்தோசம். "ஆமிக்குப் போற எண்ணமோ தம்பி?" என்றார். நான் சிரித்தேன். என் திட்டம் இதுதான்: வரும் மார்கழியில் அவர் தாலாட்டிலிருந்து தாலாட்டுக்குத் தாவி முடித்து எழும்பியவுடன், அடுத்த ஆளாக நான் உட்கார்ந்து, அவர் ஒளித்துவைத்த இரண்டு பக்கத்தையும் வாசிக்கப்போகிறேன். அவருடைய மனைவி, பிள்ளைகள், திணைக்களத்து நண்பர்கள் எல்லோரும் இருப்பார்கள். முடித்துவிட்டு, "இது ஐயா விட்டுட்டுப் போன எடங்க" என்று சொல்லவேண்டும். அந்த வசனத்தைக்கூடப் பழகினேன்.

புத்தகம் எப்போதும் மண்டபத்துப் பியானோ முக்காலியின் பெட்டிக்குள் இருக்கும். சனிக்கிழமைகளில் அரை மணி முந்திப் போய், ஊசியைக் கழற்றி, நாலு நாலு வரியாகக் கணக்குக் கொப்பியில் பிரதி எடுத்தேன். திரும்பக் குத்தும்போது பழைய ஓட்டையிலேயே குத்துவேன். ஐந்து சனிக்கிழமையில் இரண்டு பக்கமும் என் கையில் வந்துவிட்டன.

பழகுவதுதான் சிக்கல். மண்டபத்தில் வாசித்தால் சேர்வேயர் காதில் விழும். ஆகவே புடவைக்கடை முதலாளியிடம் துணிக்கட்டோடு வரும் நீண்ட அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மண்டபத்துப் பியானோவில் நூல் பிடித்து அளந்து, அதே அகலத்தில் கட்டைகளைக் கீறி, கறுப்புக் கட்டைகளுக்கு மை பூசினேன். அட்டை போதாமல் போன இடத்தில் மேசைப் பலகையே இடக்கைப் பக்கத்துக் கீழ்ச்சுரங்கள். பாடசாலைக்குப் போகுமுன் ஒரு மணி, வந்தபின் ஒரு மணி. அந்த இரண்டு பக்கமும் புயல். இடக்கை கீழே ஓடி ஓடி அடிக்கும். வலக்கை அதன்மேல் பாயும். என் விரல்கள் அட்டையில் தடதடவென்று விழும். வீட்டுக்கார உம்மா கதவைத் தள்ளிப் பார்ப்பார்.

"சேர், அந்த மேசைக்குள்ள என்னத்தத் தேடுறீங்க? கரப்பானா?"

"வேலைங்க உம்மா."

"அடிச்சிக் கொண்டுபோட்டுச் செல்லுங்க. நான் கூட்டி எடுக்கிறன்."

ஆடி பிறக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்காமலே ஓடியது. விரல் ஒன்றும் தவறவில்லை. ஆனால் அந்த இசையை நான் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. அது எப்படி ஒலிக்கும் என்று யோசித்ததும் இல்லை. எனக்குத் தேவைப்பட்டது அவருடைய முகம். அந்த வசனத்தைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி மாறும் என்பதை மட்டும் பலவிதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

அந்த ஆடியில் கலவரம் வந்தது. கண்டிப் பட்டணத்தில் தமிழரின் கடைகள் எரிந்தன. வீட்டுக்கார உம்மா என்னைத் தங்கள் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வைத்திருந்தார். அறைக்கு ஆள் வந்து கேட்டபோது, "சேர் லீவில ஊருக்குப் போய்ட்டாரு" என்று சிங்களத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. அரிசி மூட்டையின்மேலும் என் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் அவருடைய மகன் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து தேவாலய மண்டபத்தில் விட்டான். வீடிழந்த தமிழர்களை அங்கேதான் சேர்த்திருந்தார்கள்.

எங்கள் மண்டபம் அடையாளம் தெரியவில்லை. நூற்றுக்கு மேல் சனம். கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டிருந்தது. பியானோவின் தலையில் பால்மா டின்கள். பல்ப் எரியவில்லை, அந்தப் பிளக்கில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. பியானோவுக்கு அடியில் பாய் விரித்து, யாரோ கொடுத்த சாரமும் பொத்தான் இல்லாத சட்டையுமாகச் சேர்வேயர் உட்கார்ந்திருந்தார். மனைவி அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். வீடு எரிந்துவிட்டது. பியானோவும் வீட்டோடு போய்விட்டது.

அப்போது எனக்கு வந்தது இரக்கமல்ல என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு வந்தது ஆத்திரம். எனக்கு உரியதை எனக்கு முந்தி யாரோ பறித்துக்கொண்டார்கள். ஏழு மாதம் நான் குறிவைத்த மனிதரை, பெயர்கூடத் தெரியாத காடையர்கள் ஒரு பின்னேரத்தில் தெருவில் உட்காரவைத்துவிட்டார்கள். அவர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு, காதில் பென்சிலோடு, பழையபடி நிமிர்ந்து நிற்கவேண்டும். அதற்குப் பிறகுதான் நான் அவரைக் குனியவைக்கவேண்டும்.

"தம்பி, தப்பி வந்திட்டீரோ?" என்றார். "அம்மா, அப்பா?"

"தோட்டத்துல இருக்காங்க. ஒண்ணும் இல்லேன்னு ஆள் வந்து சொல்லிச்சு."

"நல்லது. இஞ்ச இரும். சாப்பிட்டீரோ?" பாணில் பாதியைப் பிய்த்து நீட்டினார்.

வாங்கித் தின்றேன். பசி. ஆனால் அவர் நல்லவராக மாறுவதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கடிக்கும் "கொழுந்து ஆயிற வேலை" என்ற வார்த்தையை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு கிழமை அப்படிப் போனது. பிறகு வடக்குக்குப் போகிறவர்களை பஸ்களில் அனுப்பப்போகிறார்கள் என்று மேட்ரன் வந்து சொன்னார். சனிக்கிழமை பின்னேரம் புறப்பாடு. சேர்வேயர் பெயர் கொடுத்துவிட்டார். இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு மார்கழி இல்லாமல் போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் முக்காலிப் பெட்டியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, குண்டூசியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மதியம் புடவைக்கடை முதலாளி திகனையிலிருந்து பாணும் பிள்ளைகளுக்குத் துணியும் கொண்டுவந்தார். சேர்வேயரைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "போற நாளாப் போச்சு. ஒருதரம் வாசிச்சிட்டுப் போங்க. இந்தப் புள்ளைகளும் கேக்கட்டும்" என்றார். சேர்வேயர் மறுத்தார். மேட்ரன் பால்மா டின்களை இறக்கத் தொடங்கிவிட்டார். நான் புத்தகத்தை விரித்து வைத்து, தாள் புரட்டும் இடத்தில் போய் நின்றேன்.

இரண்டு கிழமை பல்ப் எரியாததால் கட்டைகள் ஊதிப்போயிருந்தன. ஆனால் தாலாட்டு மெதுவானது; ஒட்டிக்கொண்ட கட்டையை நகத்தால் நெம்பி நெம்பி வாசித்தார். பேச்சு அடங்கியது. ஒரு குழந்தை தவழ்ந்து வந்து மிதிபலகையைத் தொட்டுப் பார்த்தது. இரண்டாம் பக்கம் முடிந்தது. தலையசைத்தார். நான் ஒரு தாளை மட்டும் புரட்டினேன்.

புயல் அவர் முன்னால் கிடந்தது. கை நின்றுவிட்டது. அவர் பக்கத்தைப் பார்த்தார். மூலையில் இருந்த துரு வட்டத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"குண்டூசி எங்க?" மெல்லக் கேட்டார்.

"முழுசா வாசிங்க ஐயா."

"எப்ப கண்டனீர்?"

"போன மார்கழியிலேயே."

அவர் எழும்பினார். "அப்ப நீர் இரும்" என்றார். "வாசியும் பாப்பம்."

நான் பழகிவைத்த வசனம் வாயில் வரவில்லை. உட்கார்ந்தேன். ஏழு மாதத்து ஆத்திரத்தையும் இரண்டு கைகளுக்கும் இறக்கி, முதல் அடியைக் கீழ்ச்சுரங்களில் அடித்தேன்.

அந்த ஓசையை நான் எதிர்பார்க்கவில்லை. அட்டையில் எல்லாச் சுரமும் ஒரே தட்டல்தான். இது, ஓட்டுக் கூரைக்குக் கீழே, ஒரு கதவை நாலு பேர் சேர்ந்து உடைக்கிற சத்தம். ஒட்டிக்கொண்ட கட்டைகளை விரல் தடுக்கித் தடுக்கி மேலும் ஓங்கி அடித்தேன். நிறுத்தத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது, அதோடு நாலைந்து குழந்தைகள். ஒரு பெண் பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்கதவுக்கு ஓடி, கொடியில் சிக்கி முழங்கால் அடிபட விழுந்தாள். "வந்திட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். சனம் எழும்பிவிட்டது.

சேர்வேயர் என்னை இடுப்பால் தள்ளி முக்காலியின் பாதியில் உட்கார்ந்தார். கையை நீட்டித் தாளைப் புரட்டினார். தாலாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தார். மெல்ல, முன்னைவிட மெல்ல. மேட்ரன் கதவருகே போய் நின்று, "ஒண்டும் இல்லை, பியானோ, பியானோ" என்று தனக்குத் தெரிந்த தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னார். உருப்படி முடியுமுன் சனம் உட்கார்ந்துவிட்டது. முடிந்ததும் கைதட்டினார்கள். அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய கைதட்டல் அதுவாகத்தான் இருக்கும். அதை வாங்கிக் கொடுத்தவன் நான்.

விழுந்த பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். முழங்காலை ஊதிக்கொண்டே, "பரவாயில்லத் தம்பி, தெரியாமத்தானே" என்றாள். சேர்வேயரிடம் கேட்கவில்லை.

பஸ் வந்து நின்றது. அவர் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் முன்னால் கையை நீட்டினார்.

"குண்டூசியைத் தாரும்."

கொடுத்தேன். நின்ற நிலையிலேயே இரண்டு தாளையும் சேர்த்துப் பழைய ஓட்டையில் குத்தினார்.

"எங்க பழகினனீர்?"

"அட்டையில."

"அட்டையிலயோ?" கொஞ்சம் யோசித்தார். "ஓம். கையைப் பற்றி நான் சொன்னது பிழைதான். உம்மட கை நல்ல கை. காதுதான் இல்லை. கேளாமல் பழகினா இப்பிடித்தான், தம்பி."

சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார். கன்னத்தில் அறைந்திருந்தால் பரவாயில்லை. இந்தமுறை பஸ் போன பிறகும் பதில் வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது உண்மை.

அதற்குப் பிறகு வருடங்கள் போயின. சண்டை பெருத்தது. மண்டபத்திலிருந்த சனம் ஊர்களுக்கும் முகாம்களுக்குமாகப் பிரிந்தபின் மேட்ரன் கேத்தலைக் கழற்றி பல்பை மாட்டினார். கட்டைகள் காய ஒரு மாதம் பிடித்தது. அடுத்த தையில் கொப்பி வந்தபோது சேர்வேயர் பெயரை யாரும் வெட்டவில்லை. எதிரே வெறுமையாக விட்டார்கள். என் பெயருக்கு எதிரே நான் எழுதினேன்: அவருடைய உருப்படியின் பெயர், அதற்குக் கீழே "நடுவில் உள்ள இரண்டு பக்கங்கள் மட்டும்". புடவைக்கடை முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "தலையும் இல்ல, வாலும் இல்ல. என்னத்துக்குத் தம்பி இந்த முண்டம்?" என்றார். என்னிடம் இருந்தது அவ்வளவுதான். தாலாட்டு அவரோடு யாழ்ப்பாணம் போய்விட்டது.

இப்போது சத்தமாகப் பழகுகிறேன். எல்லோருக்கும் கேட்கும்படி, எனக்கும் கேட்கும்படி. முதல் வருடம் இடக்கையை மட்டும் வாசித்துவிட்டு நின்று கேட்டேன். ஓங்கி அடிப்பதைவிட அடக்கி அடித்தால்தான் அது பயங்கரமாக இருக்கிறது என்று விளங்க இரண்டு வருடம் சென்றது. ஒவ்வொரு மார்கழியிலும் வாசிக்கிறேன். நடுவில் தொடங்கி நடுவில் முடிகிறது. முடிந்தது தெரியாமல் வீட்டார் கையில் பற்றிஸோடு காத்திருப்பார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை என்று அறியக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் அங்கே இல்லை.

போன வருடம் புடவைக்கடை முதலாளிக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வழியில் யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். அரிசி விலை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பதுங்குகுழி எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி: "அந்த மார்ச் தம்பி இன்னும் அட்டையிலதான் தட்டுறாரோ?"

அன்றைக்கு இரண்டு மணி நேரம் பழகினேன்.

வடக்கில் குண்டு விழுந்தது என்று வானொலி சொல்லும்போதெல்லாம் எந்த இடம் என்று காதைக் கூர்மையாக்குகிறேன். மேட்ரன் சிலுவை போட்டுக்கொள்வார். நானும் எனக்குத் தெரிந்த மட்டில் வேண்டிக்கொள்கிறேன். அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது. கண் தெரியவேண்டும், காது கேட்கவேண்டும். வடக்குப் பாதை திறந்தவுடன் வந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசைக் கதிரையில் அவர் உட்காரவேண்டும். அவருக்கு நான் இன்னும் வாசித்துக் காட்டவில்லை.